காலையில் முக்கால் பதம்... மாலையில் முழு பிளேட்!

கல்ச்சுரல்ஸ் சீஸன் வந்தாச்சு பிரெண்ட்ஸ்! எந்த காலேஜ் கேட்டைத் தாண்டினாலும் ஒரு பக்கம் டான்ஸ் ரிகர்சல், இன்னொரு பக்கம் ஸ்பான்சர் தேடி அலையுற கோஷ்டி. மூணாவதா இன்னொரு கோஷ்டி இருக்கும். கேன்டீன் மூலையில உட்கார்ந்து, 'மச்சி, நம்ம டிபார்ட்மென்ட் சார்பா ஃபுட் ஸ்டால் போட்டே ஆகணும்டா'ன்னு பேப்பர்ல கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கும். பானி பூரி, பிரெட் ஆம்லெட், ரோஸ்மில்க்னு லிஸ்ட் நீளும். கடைசியில ஒரு குரல், 'பாஸ்தா போடலாமா?' அவ்ளோதான்! எல்லார் முகத்துலயும் ஆயிரம் வாட்ஸ் பல்பு.

நல்ல ஐடியாதான் பாஸ். நாலு பாக்கெட் பாஸ்தா, தக்காளி, பூண்டு, கொஞ்சம் சீஸ் இருந்தா போதும். செலவு கம்மி, பேர் ஸ்டைல். ஆனா ஒரே ஒரு வில்லன் இருக்கான். அவன் பேரு நேரம்! பாஸ்தா வேக 10 முதல் 12 நிமிஷம் ஆகும். குரூப் டான்ஸ் முடிஞ்சு பிரேக் விட்டதும், 40 பேர் மொத்தமா வந்து ஸ்டால் முன்னாடி நின்னா என்ன பண்ணுவீங்க? 'பன்னெண்டு நிமிஷம் வெயிட் பண்ணுங்க'ன்னு சொன்னா, பக்கத்து ஸ்டால் பானி பூரிக்காரன் சிரிச்சுக்கிட்டே கல்லா கட்டுவான்.

சரி, காலையிலேயே மொத்தத்தையும் வேகவெச்சு, சாஸும் கலந்து, ஒரு அண்டாவுல மூடி வெச்சுட்டா? சாயங்காலம் மூடியைத் திறக்கும்போது உள்ளே பாஸ்தா இருக்காது. கிட்டத்தட்ட களி இருக்கும்! கரண்டியை நட்டு வெச்சா அப்படியே நிக்கும்.

அப்புறம் எப்படித்தான் பெரிய ரெஸ்டாரன்ட்கள்ல ஆர்டர் பண்ண கொஞ்ச நேரத்துலயே ஆவி பறக்கக் கொண்டு வர்றாங்க? இந்த வாரம் அந்த ரகசியம்தான்!

பிரியாணி மாஸ்டரைக் கேளுங்க!

ரகசியம்னு சொன்னேனே தவிர, நம்ம ஊர்ல இது தெரியாத சமையல்காரரே கிடையாது. தம் பிரியாணி போடுற மாஸ்டர் அரிசியை முழுசா வேகவிட மாட்டார். முக்கால் பதத்துல வடிச்சு எடுத்துடுவார். மிச்சக் கால் பதம், தம்ல மசாலாவோட சேர்ந்து வேகும். ரோட்டோர ஃபாஸ்ட் ஃபுட் கடையில மத்தியானம் எட்டிப் பாருங்க. நூடுல்ஸை வேகவெச்சு, வடிச்சு, எண்ணெய் பிசறி, பெரிய தட்டுல பரப்பி ஆறவெச்சிருப்பாங்க. சாயங்காலம் ஆர்டர் வந்ததும் வாணலியில ரெண்டு தட்டு, நாலு குலுக்கல், பிளேட் ரெடி!

பாஸ்தாவுக்கும் அதே ஃபார்முலாதான். முன்கூட்டியே முக்கால் பதம் வேகவெச்சு, வடிச்சு, ஆறவெச்சு, குளிர்ச்சியில வெச்சுடணும். பரிமாறுற நேரத்துல கொதிக்கிற தண்ணியில ஒரு முக்கு, சாஸ்ல ஒரு புரட்டு. 12 நிமிஷ வேலை 2 நிமிஷத்துல முடியும். கல்யாண விருந்து, பஃபே மாதிரி நூத்துக்கணக்கான பேருக்குச் சமைக்கிற கிச்சன்கள்ல இதுதான் வழி.

உள்ளே என்ன நடக்குது?

செய்முறைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு குட்டி லேப் கிளாஸ். தூங்கிடாதீங்க, இது புரிஞ்சாத்தான் மத்த எல்லாம் புரியும்.

நல்ல உலர் பாஸ்தா டியூரம்ங்கிற கெட்டிக் கோதுமையோட ரவையில செய்யறது. இத்தாலியில தயாரிச்சு அங்கேயே விக்கிற உலர் பாஸ்தா இந்தக் கோதுமையிலதான் இருக்கணும்னு 1967-ல சட்டமே போட்டாங்க. காரணம், இந்தக் கோதுமையில புரதம் ஜாஸ்தி. அந்தப் புரதம் ஒரு வலை மாதிரி பின்னி, மாவுச்சத்தை உள்ளே பிடிச்சு வெச்சுக்கும். மைதா கலந்த மலிவு பாஸ்தாவுல அந்த வலை வீக்கு. அதனாலதான் அது சீக்கிரமே குழைஞ்சு போகுது.

கொதிக்கிற தண்ணியில பாஸ்தாவைப் போட்டா, வெளியிலேர்ந்து உள்ளே தண்ணி ஏறும். மாவுச்சத்து உப்பி மெத்துனு ஆகும். நடுவுல மட்டும் லேசா நறுக்குனு கடிபடுற பதத்துல எடுத்தா, அதுக்குப் பேரு 'அல் தென்தே'. 'பல்லுக்கு'ன்னு அர்த்தம். அந்தப் பதத்துல பாஸ்தாவுக்கு இன்னும் தண்ணி குடிக்கிற தாகம் பாக்கி இருக்கும். தண்ணியிலேயே விட்டா தண்ணியைக் குடிக்கும். சாஸ்ல விட்டா சாஸைக் குடிக்கும். அண்டாவுல சாஸ் கலந்து வெச்ச பாஸ்தா சாயங்காலம் வறண்டு போய் உப்பிக் கிடக்குறதுக்கு இதான் காரணம். அதனால முதல் ரூல்: பாஸ்தாவும் சாஸும் தனித்தனி! பரிமாறும்போதுதான் கல்யாணம்.

அடுத்து, ஆறின பாஸ்தா ஏன் விறைச்சுப் போகுது? உப்பியிருந்த மாவுச்சத்து, குளிர்ந்ததும் திரும்ப நெருங்கி இறுகிக்கும். ஃப்ரிட்ஜ்ல வெச்ச இட்லியும் பழைய சப்பாத்தியும் கல்லு மாதிரி ஆகுறதும் இதனாலதான். நல்ல சேதி என்னன்னா, சூடும் கொஞ்சம் ஈரமும் சேர்ந்து கிடைச்சா அந்த இறுக்கம் பெரும்பாலும் தளர்ந்துடும். வெறும் சூடு மட்டும் குடுத்தா காஞ்சு ரப்பர் ஆகும். அதனால ரெண்டாவது ரூல்: சூடு பண்ணும்போது தண்ணி வேணும்.

ரிகர்சல்: வேகவைக்கிற கட்டம்

100 பிளேட் கணக்குல பார்ப்போம். ஸ்டால் பிளேட்டுக்கு உலர் பாஸ்தா 60 கிராம் தாராளம். ஆக 6 கிலோ. 1 கிலோ பாஸ்தா முழுசா வெந்தா 2 கிலோவுக்கு மேல வரும்.

* தண்ணி: இத்தாலிக்காரங்க கணக்கு ரொம்ப சிம்பிள். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணி, 10 கிராம் உப்பு. 1 கிலோன்னா 10 லிட்டர். தண்ணி கம்மியானா பாஸ்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். 6 கிலோவையும் ஒரே அண்டாவுல கொட்டுற வேலையே வேண்டாம். கொதி அடங்கிடும், அடியில இருக்கிறது குழையும், மேல இருக்கிறது வேகாது. 1 கிலோ 1 கிலோவா போடுங்க. அதே தண்ணியில ரெண்டு மூணு ஈடு போடலாம். குறைய குறைய தண்ணியும் உப்பும் சேர்த்துக்கணும்.

* உப்பு: பாஸ்தாவுக்குள்ள உப்பு ஏறுற ஒரே நேரம் இந்த முதல் வேக்காடுதான். இங்கே விட்டுட்டு, அப்புறம் சாஸ்ல எவ்வளவு போட்டாலும் உள்ளே சப்புனுதான் இருக்கும்.

* எண்ணெய்: கொதிக்கிற தண்ணியில எண்ணெய் ஊத்துனா ஒட்டாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. எண்ணெய் மேல மிதக்கும், பாஸ்தா கீழே வேகும். ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. அதுக்குப் பதிலா, போட்டதும் முதல் 2 நிமிஷம் நல்லா கிளறி விடுங்க. ஒட்டுறதெல்லாம் அந்த 2 நிமிஷத்துலதான்.

* நேரம்: பாக்கெட் பின்னாடி பாருங்க. 11 நிமிஷம்னு போட்டிருந்தா 8 நிமிஷத்துல எடுத்துடுங்க. ஒண்ணை எடுத்துக் கடிச்சா நடுவுல வெள்ளையா ஒரு புள்ளி தெரியணும். 'இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாமே'ன்னு தோணணும். அதுதான் சரியான முக்கால் பதம்.

* ஆறவைக்கிறது: இங்கேதான் முக்கால்வாசி ஸ்டால்கள் கோட்டை விடுது. வடிச்சதைக் குவியலா விட்டா, உள்சூட்டுலயே அது வெந்துக்கிட்டே போகும். உடனே பெரிய தாம்பாளங்கள்ல மெலிசா பரப்புங்க. 1 கிலோவுக்கு 2 மேஜைக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறுங்க. எண்ணெய்க்கு வேலை இங்கேதான். ஃபேனைப் போட்டு விடுங்க. அவசரம்னா வடிச்சதும் குளிர்ந்த தண்ணியில அலசலாம். வேக்காடு டக்குனு நிக்கும். மேல இருக்கிற மாவுப்பசை கொஞ்சம் கழுவிப் போறதால சாஸ் ஒட்டுறது லேசா குறையும், அவ்வளவுதான். ஆனா அலசுற தண்ணி குடிக்கிற தண்ணியா இருக்கணும். கிரவுண்டு குழாய்த் தண்ணி கூடவே கூடாது.

* பொட்டலம்: ஆறினதும் 2 பிளேட், 3 பிளேட் அளவா பிரிச்சு, ஆழமில்லாத டப்பாக்கள்லயோ சுத்தமான கவர்கள்லயோ போட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிடுங்க. அப்போ மாலையில அளவு பார்த்து அள்ளுற வேலை மிச்சம்.

ஷோ டைம்!

ஸ்டால்ல ரெண்டு அடுப்பு. முதல் அடுப்புல பெரிய பாத்திரம் நிறைய தண்ணி, லேசா உப்பு, எப்பவும் தளதளன்னு கொதிச்சுக்கிட்டே இருக்கணும். ரெண்டாவதுல அகலமான வாணலி. பக்கத்துல சூடா சாஸ்.

ஆர்டர் வந்ததா? ஒரு பொட்டலத்தை ஜல்லிக்கரண்டியிலயோ கம்பி வடிகட்டியிலயோ போட்டு, கொதிக்கிற தண்ணியில 45 செகண்ட் முதல் 1 நிமிஷம் வரைக்கும் முக்குங்க. ஒரே நேரத்துல 3 பிளேட்டுக்கு மேல வேண்டாம். ஜில்லுனு இருக்கிற பாஸ்தா நிறைய விழுந்தா கொதி அடங்கி, சூடு ஏறாமலே ஊறிப் போகும். எடுத்து உதறி வாணலியில போடுங்க. சாஸ் விட்டு, முக்குன தண்ணியிலேர்ந்தே ஒரு சின்னக் கரண்டி ஊத்தி, 1 நிமிஷம் நல்லா புரட்டுங்க.

அந்தத் தண்ணியைச் சாதாரணமா நினைக்காதீங்க. ஒவ்வொரு முக்குக்கும் கொஞ்சம் மாவுச்சத்து கரைஞ்சு, அது நம்ம வடிகஞ்சி மாதிரி ஆகியிருக்கும். சாஸ்ல இருக்கிற எண்ணெயையும் தண்ணியையும் ஒண்ணா சேர்த்து, பாஸ்தா மேல வழவழன்னு படியவைக்கிறது அந்தக் கஞ்சித் தண்ணிதான். காசு குடுக்காம கிடைக்கிற பொருள்!

இப்ப கணக்குப் பாருங்க. 3 பிளேட்டுக்கு 2 நிமிஷம். 100 பிளேட்டுக்கு 34 சுத்து, அதாவது 70 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். பிரேக் டயத்துல 40 பேர் வந்தாலும் கடைசி ஆளுக்கு அரை மணி நேரத்துக்குள்ள பிளேட் போயிடும்.

சாஸைப் பத்தி ஒரு வார்த்தை. தக்காளி சாஸை முந்தின நாளே செஞ்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சு, மறுநாள் கொதிக்கவிட்டு எடுத்துக்கலாம். ஒயிட் சாஸ் கொஞ்சம் நகம் கடிக்கவைக்கும். வெண்ணெய்ல மைதாவை வறுத்து பால் ஊத்துறதால, நேரம் ஆக ஆக இறுகும். அப்பப்போ சூடான பால் விட்டுத் தளர்த்தணும். சீஸை கடைசியா, வாணலியில புரட்டும்போது போடுங்க. முன்னாடியே போட்டுக் கொதிக்கவிட்டா திரிஞ்சு நூல் நூலா நிக்கும்.

இனி கொஞ்சம் சீரியஸ்!

இதுவரைக்கும் ருசி. இனி உயிர். பயமுறுத்துறதுக்குச் சொல்லலை, ஆனா ஸ்டால் போடுற யாரும் இதைப் படிக்காம அடுப்பு பத்தவைக்கக் கூடாது.

2008 அக்டோபர். பெல்ஜியம் நாட்டு பிரஸ்ஸல்ஸ் நகரம். 20 வயசு மாணவர் ஒருத்தர். 5 நாளுக்கு முன்னாடி செஞ்ச ஸ்பகெட்டியும் தக்காளி சாஸும் கிச்சன்ல வெளியவே இருந்திருக்கு. கிளாஸ் முடிஞ்சு வந்தவர் அதை மைக்ரோவேவ்ல சூடு பண்ணிச் சாப்பிட்டுட்டு, விளையாடப் போயிட்டார். அரை மணி நேரத்துல தலைவலி, வயித்துவலி, குமட்டல். வீட்டுக்கு வந்து மணிக்கணக்கா வாந்தி. தண்ணி மட்டும் குடிச்சுட்டு ராத்திரி படுத்தவர் காலையில எழுந்திருக்கலை. சாப்பிட்டு சுமார் 10 மணி நேரத்துல உயிர் போயிருக்கு. பரிசோதனையில ஸ்பகெட்டியில ஒரு பாக்டீரியா ஏராளமா இருந்தது. சாஸ்ல அது இல்லை. 2011-ல மருத்துவ ஆய்விதழ் ஒண்ணுல இந்தச் சம்பவம் வெளியாச்சு.

அந்தக் கிருமியோட பேரு பேசில்லஸ் சீரியஸ். பேர்லயே சீரியஸ்! மண்ணுல, அரிசியில, கோதுமையில எல்லாம் சாதாரணமா இருக்கிறதுதான். இதோட கில்லாடித்தனம் என்னன்னா, கெட்டி ஓடு போட்ட வித்தா மாறி, கொதிக்கிற தண்ணியிலயும் சாகாம உட்கார்ந்திருக்கும். வெந்த பாஸ்தாவோ சோறோ வெதுவெதுப்பா வெளிய கிடந்தா, வித்து முளைச்சுப் பெருகும். பெருகும்போது ஒரு நஞ்சை விடும். திரும்பச் சூடு பண்ணா கிருமி சாகலாம், நஞ்சு சாகாது. பிரஷர் குக்கர்ல வெச்சு விசில் விட்டாலும் அசையாது. 'நல்லா சூடு பண்ணிட்டா போச்சு'ங்கிற நம்ம வீட்டு ஃபார்முலா இங்கே செல்லாது பிரெண்ட்ஸ். நிறம், வாசனையை வெச்சுக் கண்டுபிடிக்கவும் முடியாது.

'ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டா தப்பிச்சோம்'னு நினைக்கிறவங்களுக்கு இன்னொரு சம்பவம். அதுவும் பெல்ஜியம்தான், 2003. ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை பாஸ்தா சாலட் செஞ்சு, சனிக்கிழமை பிக்னிக்குக் கொண்டு போயிருக்கு. மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சு, திங்கள்கிழமை ராத்திரி குழந்தைங்களுக்குக் குடுத்திருக்காங்க. 5 பிள்ளைங்களுக்கும் உடம்பு கெட்டு, 7 வயசுப் பொண்ணு இறந்து போச்சு. அந்த ஃப்ரிட்ஜோட குளிர் எவ்வளவு தெரியுமா? 14 டிகிரி! இருக்க வேண்டியது 5 டிகிரி செல்சியஸுக்குள்ள. பொத்துனு அடைச்சு, நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து மூடுற ஹாஸ்டல் ஃப்ரிட்ஜை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.

இந்தக் கிருமியால வாந்தி எடுக்கிறவங்க பெரும்பாலும் ஒரு நாள்ல தேறிடுவாங்க. மேல சொன்னது அபூர்வம்தான். ஆனா உங்க ஸ்டால்ல சாப்பிடப் போறது 100 பேர். அத்தனை பேரும் உங்களை நம்பி வாயில வைக்கிறாங்க. அதனால இந்த 5 ரூலையும் ஸ்டால் பேனருக்குப் பின்னாடி பெருசா எழுதி ஒட்டிக்குங்க.

1. 5 டிகிரிக்குக் கீழே ஜில்லுனு, இல்லேன்னா 60 டிகிரிக்கு மேல கொதிக்கக் கொதிக்க. நடுவுல இருக்கிற வெதுவெதுப்புதான் எமன்.
2. வடிச்ச 2 மணி நேரத்துக்குள்ள ஆறி ஃப்ரிட்ஜுக்குள்ள போயிருக்கணும். ஆழமான அண்டாவுல வெச்சா நடுப்பகுதி விடிய விடிய ஆறாது. மெலிசா பரப்புறது ருசிக்கு மட்டுமில்லை, உயிருக்கும்தான்.
3. சுடச்சுட 12 கிலோவை ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளாதீங்க. ஃப்ரிட்ஜே சூடாயிடும். ஃபேன்ல ஆறவெச்சு, டப்பாக்களுக்கு நடுவுல காத்து போக இடம் விட்டு வையுங்க.
4. ஸ்டால்ல பாஸ்தா பொட்டலங்கள் ஐஸ்கட்டி போட்ட தெர்மாகோல் பெட்டியில இருக்கணும். ஆர்டருக்குத் தேவையானதை மட்டும் வெளிய எடுங்க. ஒயிட் சாஸ், பால் எல்லாத்துக்கும் இதே கண்டிஷன்தான்.
5. ஒரு தடவை சூடு பண்ணது பிளேட்டுக்குத்தான் போகணும். திரும்பப் பெட்டிக்குள்ள போகக் கூடாது. மிச்சமானா மனசைக் கல்லாக்கிக்கிட்டுக் கொட்டிடுங்க.

ஃப்ரிட்ஜ் வசதியே இல்லையா? அப்போ முன்கூட்டி வேகவைக்கிற பிளானை டிராப் பண்ணிட்டு, ஸ்டால்லயே அரைக் கிலோ அரைக் கிலோவா ஈடு போடுங்க. கூட்டம் வர்ற நேரம் பார்த்து, பிரேக்குக்கு 15 நிமிஷம் முன்னாடி அடுத்த ஈட்டைப் போட ஒரு ஆளை நியமிச்சுடுங்க.

எந்த ஷேப் ஜெயிக்கும்?

முன்கூட்டி வேகவைக்கிறதுக்கு ஹீரோ பென்னே. குழாய் மாதிரி, வெட்டு வாய் சாய்வா இருக்குமே, அதுதான். அடுத்தது ஸ்பிரிங் மாதிரி முறுக்கின ஃபுசில்லி. ரெண்டுக்கும் சுவர் கெட்டி, சாஸ் ஒளிஞ்சுக்க இடமும் இருக்கு. வளைஞ்ச மக்ரோனியும் பாஸ் மார்க் வாங்கிடும்.

வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கிற ஃபர்ஃபல்லே போட்டோவுக்கு அழகு. ஆனா நடு முடிச்சு வேகுறதுக்குள்ள இறக்கை குழைஞ்சுடும். ஸ்பகெட்டி ஆறினா சிக்குப் பிடிச்ச நூல்கண்டு. தனித்தனியா பிரிச்சு, சின்னச் சின்னக் கூடு மாதிரி சுத்தி வெச்சாத்தான் தப்பிக்கும். முட்டை போட்டுச் செய்யுற ஃபிரெஷ் பாஸ்தா சில நிமிஷத்துலயே வெந்துடும். அதுக்கு ரிகர்சலே தேவையில்லை.

மறுநாள் ஹீரோக்கள்

'பாஸ்தான்னா அப்பவே செஞ்சு அப்பவே சாப்பிடணும்'னு இத்தாலிக்காரங்க அடிச்சுச் சொல்லுவாங்க. ஆனா அவங்க ஊர்லயே முன்கூட்டி செஞ்சு வெக்கிற ஐட்டங்களுக்குப் பஞ்சமில்லை. லசான்யாவைக் காலையிலேயே அடுக்கி வெச்சு, விருந்தாளி வந்ததும் அவன்ல வைப்பாங்க. நேப்பிள்ஸ்ல இன்னும் சூப்பர். மிச்சமான பாஸ்தாவை முட்டை, சீஸோட கலந்து, வாணலியில கெட்டி அடை மாதிரி ரெண்டு பக்கமும் பொரிச்சு எடுப்பாங்க. 'ஃப்ரிட்டாட்டா தி பாஸ்தா'ன்னு பேரு. கேக் மாதிரி துண்டு போட்டு பீச்சுக்கும் பிக்னிக்குக்கும் கட்டிக்கிட்டுப் போவாங்க. நம்ம வீட்டுல மிச்ச இட்லி உப்புமா ஆகுறது, சப்பாத்தி கொத்து சப்பாத்தி ஆகுற மாதிரிதான்! ஒழுங்கா ஃப்ரிட்ஜ்ல இருந்த பாஸ்தாவா இருக்கணும்ங்கிறதை மட்டும் மறந்துடாதீங்க.

முன்கூட்டி வேகவைக்கிற இந்த ஐடியாவை ஃபேக்டரி லெவலுக்குக் கொண்டு போனவர் ஜப்பான்ல மொமொஃபுகு ஆண்டோ. 1958-ல நூடுல்ஸை ஆவியில வேகவெச்சு, எண்ணெய்ல பொரிச்சு ஈரத்தையே விரட்டிட்டார். பொரியும்போது உண்டாகுற குட்டிக் குட்டித் துளைகள் வழியா, வெந்நீர் ஊத்துனதும் தண்ணி உள்ளே ஏறிக்கும். ஹாஸ்டல் ராத்திரிகளைக் காப்பாத்துற இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் பிறந்தது அப்படித்தான்.

பட் பட் சந்தேகங்கள்

பழைய சோறு ராத்திரி முழுக்க வெளியதானே இருக்கு? பாஸ்தா மட்டும் ஏன் கூடாது?

நல்ல கேள்வி. பழைய சோத்துல சோறு தண்ணிக்குள்ள மூழ்கி, லாக்டிக் அமிலம் தர்ற நல்ல பாக்டீரியாக்கள் வளர்ந்து புளிக்கவைக்குது. அந்தப் புளிப்பு மத்த கிருமிகளை அடக்கும். தண்ணி ஊத்தாம சும்மா கிடக்கிற சோத்துக்கும் பாஸ்தாவுக்கும் அந்தக் காவல் கிடையாது. 1970-கள்ல பிரிட்டன்ல சீன ரெஸ்டாரன்ட் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவங்க பலர் வாந்தி எடுத்ததுக்கு, வேகவெச்ச சோத்தை வெளியவே வெச்சிருந்து அப்புறம் வறுத்ததுதான் காரணம்.

தக்காளி சாஸ் புளிப்புதானே? புளியோதரை மாதிரி தாங்காதா?

பிரஸ்ஸல்ஸ் மாணவர் சாப்பிட்டது தக்காளி சாஸ் ஸ்பகெட்டிதான். அதை நம்பி விளையாட வேண்டாம்.

ஆறவெச்சுச் சூடு பண்ண பாஸ்தா சாப்பிட்டா சுகர் ஏறாதாமே?

ஆறும்போது இறுகுற மாவுச்சத்துல ஒரு பகுதி சீக்கிரம் செரிக்காது, திரும்பச் சூடு பண்ணாலும் பழைய நிலைக்கு முழுசா வராது. 2014-ல பி.பி.சி. டி.வி. நிகழ்ச்சிக்காக நடந்த ஒரு சின்னச் சோதனையில, சூடு பண்ண பாஸ்தா சாப்பிட்டவங்களுக்கு ரத்தத்துல சர்க்கரை ஏறுறது பாதியளவு குறைஞ்சுது. சுவாரசியமான விஷயம்தான். ஆனா கொஞ்சம் பேரை மட்டும் வெச்சு டி.வி.க்குப் பண்ணுற மாதிரி சோதனை மருந்துச்சீட்டு ஆகாது. வீட்டுல சுகர் இருக்கிறவங்க டாக்டர் சொல்றதைக் கேட்கட்டும்.

ரூம்ல மைக்ரோவேவ்தான் இருக்கு. அடுப்பு இல்லை.

ஒரு பிளேட்டுக்கு 1 மேஜைக்கரண்டி தண்ணி தெளிச்சு, மூடி போட்டு, 1 நிமிஷம் வையுங்க. எடுத்துக் கிளறி, திரும்ப அரை நிமிஷம். நடுவுல கிளறலைன்னா ஓரம் கொதிக்கும், நடு ஜில்லுனு இருக்கும். எல்லாப் பக்கமும் ஆவி பறக்கணும்.

ஃப்ரிட்ஜ்ல எத்தனை நாள் தாங்கும்?

வீட்டுக்கு, நல்ல குளிர்ல 3 நாள். ஸ்டாலுக்கு அன்னிக்குக் காலையில வெந்தது மட்டும்தான்.

ஸ்டால் டைம் டேபிள்

(சாயங்காலம் 4 மணிக்குத் திறக்கிற ஸ்டால், 6 கிலோ பாஸ்தா, 2 அடுப்பு)

முந்தின நாள் மாலை: தக்காளி சாஸ் ரெடி. ஆறவெச்சு ஃப்ரிட்ஜ்ல. ஐஸ்கட்டிக்கு ஆர்டர்.
காலை 9: ரெண்டு அடுப்புலயும் தண்ணி ஏத்தியாச்சு.
9.30 - 10.30: அடுப்புக்கு 3 ஈடு. ஒருத்தர் கடிகாரம் பார்க்க, ஒருத்தர் வடிக்க, ரெண்டு பேர் பரப்ப.
11.30: கடைசிப் பொட்டலமும் ஃப்ரிட்ஜுக்குள்ள.
மாலை 3: பெட்டியில ஐஸ் ரெடி. பொட்டலங்கள் ஸ்டாலுக்குப் பயணம்.
3.30: தண்ணி கொதிக்குது, சாஸ் கொதிக்குது, டீம் மொத்தமும் கை கழுவியாச்சு.
3.50: ஒரே ஒரு டிரையல் பிளேட். டீம்லயே ரொம்ப குறை சொல்ற ஆள் யாரோ, அவர்கிட்ட குடுங்க. அவர் வாயை மூடிக்கிட்டுச் சாப்பிட்டா ஷட்டரைத் தூக்கலாம்!

ஸ்டால் போடுற அளவுக்கு ஆள் இல்லையா? கவலை வேண்டாம். இந்த ஞாயித்துக்கிழமை 200 கிராம் பென்னேயை வெச்சு ஒரு ரிகர்சல் பாருங்க. பாதியை முழுசா வேகவெச்சு உடனே சாப்பிடுங்க. மீதியை முக்கால் பதத்துல எடுத்து, ஃப்ரிட்ஜ்ல வெச்சு, ராத்திரி முக்கிப் புரட்டி ரூம்மேட்டுக்குக் குடுங்க. காலையில வெந்ததுன்னு சொல்லாம குடுத்து, கண்டுபிடிக்கிறாரான்னு பாருங்க. ரிசல்ட்டை எழுதி அனுப்புங்க.

அடுத்த வாரம்: கேன்டீன் சமோசாவோட ஓரம் மட்டும் ஏன் கடைசி வரைக்கும் மொறுமொறு? மடிப்பு ரகசியத்தோட வர்றோம். வர்ட்டா!